காற்றுப்பட்ட சேறு

பேர்லினில் புஷ்பமலர் வேலைசெய்த ஆய்வுகூடத்தில், துணி அலுமாரியைவிடச் சற்றே பெரிதான ஒரு இருட்டறை இருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். முதலில் எதுவும் தெரியாது. பிறகு, எதிரே குடுவை இருக்கிற இடத்தில் ஒரு நிறம் கசியத் தொடங்கும். நீலம் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. குடுவையை மெல்ல ஆட்டினால் அந்த வெளிச்சம் கொஞ்சம் கூடி, பிறகு தணியும். கடலிலிருந்து எடுத்து வளர்த்த பக்டீரியாக்கள் அவை. நலமாக இருக்கும்வரை ஒளிரும். நஞ்சு பட்டால் மங்கும். எவ்வளவு மங்குகிறது என்று அளக்க வெளியே மேசையில் ஒரு கருவி இருந்தது. இருட்டறைக்குள் போய் உட்கார வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. ஆனாலும் காலையில் வந்ததும் புஷ்பமலர் அதற்குள் போய் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். யாராவது கேட்டால், குடுவை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன் என்பாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. மன்னாரிலிருந்து அகதியாக வந்து, இதே கட்டடத்தில் ஆறு வருடம் தரை துடைத்தவள். துடைத்துக்கொண்டே போத்தல்களில் ஒட்டியிருந்த பெயர்களை வாசித்து வாசித்து, முப்பத்தாறாவது வயதில் ஆய்வுகூட உதவியாளருக்கான பயிற்சியில் சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பதினேழு வயது. பரீட்சையில் தேறியபிறகு, தான் துடைத்த அதே அறைக்கு வெள்ளை மேலங்கியோடு வந்தாள். வேலை வருடத்துக்கு வருடம் நீட்டிக்கப்படுகிற வேலை. ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு தாள் வரவேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு யூன் மாதத்தில்தான் அந்தச் சேறு வந்தது. மூடிபோட்ட இரண்டு வெள்ளை வாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வாசலில் நின்றாள். முழங்கால்வரை சேறு காய்ந்த சப்பாத்து. புஷ்பமலரின் சட்டையில் குத்தியிருந்த பெயரை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"நீங்க தமிழா?"

"ஓம்."

"அப்பாடா. நான் வசுந்தரா. ஊர் ஈரோடு. டார்ம்ஸ்டாட்ல மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு இங்க ஒரு பிளானிங் கம்பெனியில இருக்கேன். இந்த வாளிய எங்க வைக்கட்டும் அக்கா?"

சேறு வந்தது கொட்புஸ் நகருக்குத் தெற்கே, மூடப்பட்ட ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து. சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர் நாற்பது வருடமாக ஒரு குளத்தில் தங்கி, மண்டியை அடியில் விட்டுவிட்டு ஆற்றுக்குப் போயிருக்கிறது. இப்போது, கரி வெட்டியதால் உண்டான பெரிய பள்ளத்தை ஏரியாக்கப் போகிறார்கள். குளத்தைத் தூர்வாரவேண்டும். வாரும் சேறு தீங்கில்லாததென்றால் ஏரிக்கரைச் சரிவில் பரப்பி, மேலே மண் தூவிப் புல் வளர்க்கலாம். அங்கே குளிக்க வருகிறவர்களுக்கான கரை அமையும். தீங்குள்ளதென்றால் வேறு வழி பார்க்கவேண்டும்.

புஷ்பமலர் வாளியைத் திறந்து பார்த்தாள். மேலே துருநிறத்தில் ஒரு விரலளவு தண்ணீர். அதற்குக் கீழே கன்னங்கரேலென்று, வெண்ணெய்போல வழவழப்பான சேறு. கரண்டியால் கிளறியபோது அவிந்த முட்டை மணம் ஒன்று எழுந்து அடங்கியது. அவளுக்கு அது அருவருப்பாக இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல ஒரு கறுப்பு அது.

முறைப்படி எல்லாம் செய்தாள். ஒரு பங்கு சேறும் பத்துப் பங்கு தண்ணீரும் போத்தலில் விட்டு, இருபத்துநான்கு மணிநேரம் உருளவிட்டு, வடிகட்டி, தெளிந்த சாற்றை எடுத்தாள். அதை ஒளிரும் பக்டீரியாவில் விட்டு அரைமணி கழித்து அளந்தாள். வெளிச்சம் நூற்றுக்கு எட்டுத்தான் குறைந்திருந்தது. கிண்ணங்களில் கடுகளவு நீர்ப்பூச்சிகளான நீர்த்தெள்ளுகள் இருபதை அந்தச் சாற்றில் நீந்தவிட்டாள். அடுத்த நாளும் இருபதும், கண்ணுக்குத் தெரியாத படியில் தாவித் தாவி ஏறுவதுபோல நீந்திக்கொண்டிருந்தன. சாற்றில் உலோகங்களின் அளவும் எல்லைக்குள்ளேயே இருந்தது. சேற்றால் தீங்கில்லை. ஆய்வுகூடத் தலைவர் டொக்டர் ஹென்னிங் அறிக்கையை எழுதிவைத்தார். விடுமுறை முடிந்து வந்து கையெழுத்திடுவதாகச் சொன்னார்.

அந்தக் கோடையில் வெயில் கொளுத்தியது. ஓகஸ்ட் தொடக்கத்தில் புஷ்பமலரும் மூன்று வாரம் லீவு எடுத்தாள். அவளும் கணவர் யோசப்பும் கேவலார் மாதா கோயில் யாத்திரைக்குப் போய், அங்கிருந்து கிரேஃபெல்டில் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. புறப்படும் நாளில், மிச்சச் சேற்றோடு இருந்த வாளியைக் குளிரறையில் வைக்கப் போனாள். குளிரறை நிறைந்திருந்தது. பின்பக்கச் சாமான் அறையில், யன்னலுக்குக் கீழே வைத்தாள். இடம் கிடைத்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். கீழே யோசப் காத்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

கேவலாரில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் நின்றார்கள். ஏற்றிவைத்த மெழுகுதிரிகள் வெக்கையில் இடுப்பொடிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து எரிந்தன. மாலைகள் வாடின. பாட்டுக் கேட்டது, எங்கிருந்து கேட்கிறதென்று தெரியவில்லை. சனத்தின் நடுவே நின்ற புஷ்பமலருக்குத் தன் கால்கள் தன்னுடையவை இல்லைப்போல இருந்தது. அதன்பிறகு தங்கை வீட்டு பல்கனியில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு கிடந்த பகல்கள். ஒருநாள் மத்தியானம் அரைத்தூக்கத்தில், வெள்ளை வாளி ஒன்றின் மூடி பக்கத்தில் கழன்று கிடப்பதைக் கண்டாள். எழும்பவேண்டும் என்று நினைத்தாள். பல்கனிச் சுவரில் ஒரு புறா நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பவும் தூங்கிப்போனாள்.

திரும்பி வந்த திங்கட்கிழமை காலை, சாமான் அறைக் கதவைத் திறந்ததும் அணைந்த நெருப்புக்குச்சியின் மணம் மூக்கில் ஏறியது. மூடி உண்மையாகவே பக்கத்தில் கிடந்தது. வாளியில் தண்ணீர் இல்லை. கறுப்பும் இல்லை. சேறு சுருங்கி, பாளம்பாளமாய் வெடித்து, செம்மஞ்சளாகிவிட்டிருந்தது. வெடிப்புகளின் ஓரமெல்லாம் வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளுமாக மெல்லிய உப்பு பூத்திருந்தது. யன்னல் வெயிலில் அது பளபளத்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். இது என்னுடைய பிழை என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

செய்யவேண்டியது அவளுக்குத் தெரியும். மாதிரி பழுதாகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதி, கழிவுத் தொட்டியில் போடவேண்டும். ஆனால் அவள் காய்ந்த சேற்றில் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, நிறம்மாறும் கடதாசியை அதில் தோய்த்தாள். கடதாசி சிவந்தது. வினாகிரி அளவுக்குப் புளிப்பு.

அன்றைக்கு எவரும் சொல்லாமலே சோதனையை முதலிலிருந்து செய்யத் தொடங்கினாள். போத்தல் உருண்டது. அடுத்த நாள் சாற்றை வடித்து, வெளிச்சம் மங்கினால் அதற்குப் புளிப்பு மட்டுமே காரணமாகிவிடக் கூடாது என்பதற்காக அந்தப் புளிப்பை முறித்தாள். பிறகு, கருவிக்குப் போகமுன், அந்தச் சாற்றில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனாள்.

குடுவை ஒளிர்ந்துகொண்டிருந்தது. சாற்றை ஊற்றினாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெளிச்சம் ஓரங்களிலிருந்து உள்ளே வாங்கத் தொடங்கியது. அவசரமில்லாமல், நித்திரை வந்தவர் கண்ணை மூடுவதுபோல. நடுவில் ஒரு காசளவு நீலம் கொஞ்சநேரம் நின்றது. அதுவும் போனது. தன் கை எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்றும் தெரியவில்லை. வெளியே யாரோ தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சம் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு குறைந்துவிட்டதாகக் கருவி காட்டியது. மறுநாள் காலை, அதே சாற்றில் விட்ட இருபது நீர்த்தெள்ளுகளும் கிண்ணங்களின் அடியில் தூசிபோலக் கிடந்தன.

யோசப் ஒரு உணவகத்தில் சமையல்காரர். பதினொரு மணிக்குத்தான் வேலைக்குப் போவார். அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, வேலையிலிருந்து புஷ்பமலர் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"வாளியை மூடேல்லை எண்டு நீரே போய்ச் சொல்லப் போறீரோ?" என்றார் யோசப்.

"சொல்லாட்டி, ஏன் காய்ஞ்சது எண்டு கேப்பினம்."

"ஒருத்தருக்கும் தெரியாதே. அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு இருக்கலாம். ஒக்டோபர் வருது. ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு. அந்தக் கரையில சின்னப் பிள்ளையள் வெறுங்காலோட நடப்பினம் யோசப். மண்ணைத் தோண்டி விளையாடுவினம்."

மறுபக்கத்தில் யோசப் கோப்பையைக் கழுவும் சத்தம் கேட்டது.

"அப்ப சொல்லும்," என்றார். "பயந்து பயந்து சொல்லாதையும். நேரா நிண்டு சொல்லும்."

டொக்டர் ஹென்னிங் கெட்டவர் இல்லை. முறை தவறாதவர். புஷ்பமலர் ஜேர்மன் மொழியில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"புஷ்பமலர், இது பழுதான மாதிரி. பழுதான மாதிரியின் முடிவை நாம் எழுத முடியாது. விதி அது. முதல் முடிவு சரியாக எடுக்கப்பட்டது, அதுதான் நிற்கும். வாளியைப் பற்றி நாம் தனியாகப் பேசவேண்டும்."

"பேசலாம். ஆனால் ஒரு கேள்வி. நான் மூடிபோட மறந்தேன். சரி. அந்தக் கரையில் சேற்றைப் பரப்பும்போது அதற்கு யார் மூடி போடப்போகிறார்கள்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்தக் கோடையில் மரங்கள் ஓகஸ்டிலேயே இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. கையெழுத்துக்காகக் கோப்புக்குள் இருந்த அறிக்கையை வெளியே எடுத்து, கடைசிப் பக்கத்தை நீண்டநேரம் பார்த்தார்.

"இருபதும் செத்துவிட்டனவா?" என்று கேட்டார்.

"இருபதும்."

அவர் தொலைபேசியை எடுத்தார்.

வசுந்தரா அன்று பிற்பகலே வந்துவிட்டாள். வந்தவளுக்கு நல்ல கோபம். "அக்கா, அடுத்த மாசம் டெண்டர். ரிப்போர்ட் ஓகேன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். இப்ப போய் ஒரு வாளி காஞ்சு போச்சுன்னு நிறுத்தச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

புஷ்பமலர் அவளை வாளிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள். வசுந்தரா குனிந்து, உப்புப் பூத்த ஒரு பாளத்தைக் கையுறையோடு எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவளும் படித்தவள்தான். முகம் மெல்ல மாறியது.

"அந்தக் கறுப்பு இரும்பும் கந்தகமும் சேர்ந்தது," என்றாள் புஷ்பமலர். "தண்ணிக்குள்ள காத்தில்லாமல் கிடக்கும்வரைக்கும் ஒண்டும் செய்யாது. காத்துப் பட்டால் கந்தகம் அமிலமாகும். அமிலம் வந்தால் நிக்கல், துத்தநாகம் எல்லாம் கரைஞ்சு வெளிய வரும். நாங்கள் ஈரச் சேத்தைத்தான் பாத்தனாங்கள். நீங்கள் கரையில போடப்போறது காயிற சேத்தை."

"எனக்கு இது தோணியிருக்கணும்," என்றாள் வசுந்தரா. பாளத்தை வாளிக்குள் மெதுவாக வைத்தாள். "ஒரு வாளிய வச்சு யாரும் நம்ப மாட்டாங்க. மறுபடி எடுத்துட்டு வருவோம். நீங்களும் வாங்க."

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் ரயிலில் போனார்கள். கொட்புஸில் இறங்கியதும், வசுந்தராவின் நிறுவனத்து வாகனம் அவர்களை ஏற்றிக்கொண்டு பைன் காடுகளுக்குள் ஓடியது. பிறகு காடு முடிந்தது. தரையும் முடிந்தது. சாம்பலும் மஞ்சளுமாய்ப் படிபடியாக இறங்கிப் போகும் ஒரு பெரிய வெறுமை கீழே விரிந்து கிடந்தது. அடியில் ஒரு தண்ணீர்த் துண்டு, வானத்தைவிட நீலமாக. ஒரு மனிதரும் இல்லை. காற்று மணலை எடுத்துச் சுருட்டிச் சுருட்டி, ஏதோ எழுதி அழிப்பதுபோலக் கொண்டுபோனது.

"இதெல்லாம் ஏரியாகிடும்," என்றாள் வசுந்தரா. "பத்து வருஷத்துல இங்க படகு ஓடும்."

குளம் பள்ளத்தின் ஓரத்தில், இளம் பேர்ச் மரங்களுக்கு நடுவே இருந்தது. கரையோரம் துருச் சிவப்பு. நடுவில் ஆடாத பச்சை. சிறு படகில் ஏறி நடுவுக்குப் போனார்கள். வசுந்தரா நீண்ட குழாயை அடிவரை இறக்கி, இழுத்து, கறுப்பை வெளியே எடுத்தாள். புஷ்பமலர் போத்தல்களில் நிரப்பினாள். குமிழிகள் எழுந்து எழுந்து உடைந்தன. தண்ணீர் அசையும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. படகு தானாகவே மெல்லச் சுற்றியது. கொஞ்சநேரம் இருவரும் வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

"கடல்ல இந்த மாதிரி நிறைய போயிருப்பீங்கல்ல? மன்னார்ன்னா கடல்தானே," என்றாள் வசுந்தரா.

"இல்லை. எங்கட வீடு உள்ளுக்கு, காட்டுப் பக்கம். எனக்கு நீந்தவும் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

ஆழம் தெரியாத அந்தக் குளத்தின் நடுவே, நீந்தத் தெரியாத இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு கரையை நோக்கி மிகக் கவனமாகத் துடுப்புப் போட்டார்கள்.

இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதிவைத்துச் செய்தார்கள். ஒரு பங்கு சேறு, தண்ணீருக்குள் காற்றுப்படாமல். இன்னொரு பங்கு, இறுக்கி மூடிய போத்தலில். மூன்றாவது பங்கு, அகன்ற தட்டில் விரித்து, யன்னலருகே, திறந்தபடி. தட்டுக்கு மேலே புஷ்பமலர் தன் கையால் பெரிதாக எழுதி ஒட்டினாள்: மூடவேண்டாம். அதைப் பார்த்து டொக்டர் ஹென்னிங் கொஞ்சம் சிரித்ததுபோல இருந்தது.

செப்டெம்பர் முழுக்க அவள் அந்தத் தட்டைப் பார்த்தாள். முதல் வாரம் கறுப்பு சாம்பலானது. அடுத்த வாரம் ஓரத்திலிருந்து மஞ்சள் உள்ளே நகர்ந்தது. வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போதும் கண் அங்கேயே போனது. நிறம் மாறும் கணத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. பார்க்கும்போதெல்லாம் அது முன்பே மாறியிருந்தது. மூன்றாம் வாரக் கடைசியில் உப்பு பூத்தது.

தண்ணீருக்குள் இருந்த சேறும் மூடிய சேறும் பக்டீரியாவை ஒன்றும் செய்யவில்லை. தட்டில் காய்ந்தது வெளிச்சத்தை எண்பத்தொன்பது வீதம் அணைத்தது. நீர்த்தெள்ளுகளில் ஒன்று மட்டும், அடுத்த நாளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்றுகொண்டிருந்தது. மற்றவை அசையவில்லை.

புது அறிக்கையை டொக்டர் ஹென்னிங் எழுதினார். வாளியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மேலதிக முன்னெச்சரிக்கையாக உலர்த்திப் பார்க்கப்பட்டது என்று இருந்தது. புஷ்பமலர் அதை வாசித்துவிட்டு அவருடைய அறைக்குப் போனாள்.

"இது நடந்த மாதிரி இல்லையே."

"உங்களைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன்."

"தெரியும். நன்றி. ஆனால் அடுத்த முறை வேறொரு குளத்துச் சேறு வரும். இதை வாசிக்கிறவர்கள், உலர்த்திப் பார்ப்பது வழக்கமாகவே நடக்கிறது என்று நினைப்பார்கள். நாங்கள் அப்படிச் செய்கிறதில்லை. தற்செயலாகத்தான் கண்டோம். அதை எழுதவேண்டும்."

அவர் எழுதினார். மாதிரி வாளி ஒன்று தவறுதலாகத் திறந்திருந்ததால் இது தெரியவந்தது. இனி இவ்வகைச் சேறுகளை உலர்த்தியும் சோதிக்கவேண்டும். இரண்டே வரி.

ஒக்டோபர் முதல் வாரத்தில் அவளுடைய பெயருக்கு ஒரு கடித உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, மாதிரியை முறைப்படி வைக்காததற்கான எழுத்துமூல எச்சரிக்கை. மற்றது, வேலை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கப்படுகிறது என்ற அறிவிப்பு. இரண்டிலும் ஒரே திகதி, ஒரே கையெழுத்து. யோசப் இரண்டையும் மாறி மாறி வாசித்தார்.

"இந்த மனிசனுக்கு என்ன பிரச்சினை?" என்றார்.

"ஒண்டும் இல்லை. இரண்டும் சரிதானே," என்றாள் புஷ்பமலர்.

வசுந்தராவுக்கு அலுவலகத்தில் சண்டைபோட வேண்டியிருந்தது. டெண்டர் வசந்தகாலத்துக்குத் தள்ளிப்போனது. கரையில் பரப்பும் திட்டத்தைக் கைவிட்டார்கள். சேற்றில் சுண்ணாம்பு கலந்து, குழாய்வழியே பள்ளத்தின் மிக ஆழமான மூலைக்கு அனுப்பி, களிமண் விரித்த குழியில், எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும்படி விடுவதென்று முடிவானது. அடுத்த வருடம் மே மாதத்தில் அந்த வேலை தொடங்கிய நாளன்று, வசுந்தரா புஷ்பமலரையும் கூப்பிட்டாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் விளிம்பில் இருவரும் ஒரே குடையின் கீழ் நின்றார்கள். பம்பு இயங்கும் அதிர்வு காலுக்கடியில் தெரிந்தது. குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்ததால் சேறு வருவது கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் லேசாகப் புரண்டு, கொஞ்சம் கறுத்து, பிறகு தெளிந்தது. மழைத்துளி விழுந்த வட்டங்களுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"பாக்க ஒண்ணுமே இல்லையே அக்கா," என்றாள் வசுந்தரா.

"அப்பிடித்தான் இருக்கவேணும்."

திரும்பி வரும் ரயிலில் வசுந்தரா ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பைன் மரங்கள் ஓடின. கண்ணாடியில் மழைக்கோடுகள் சாய்ந்து சாய்ந்து போயின. புஷ்பமலர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தோளை யாரோ தொட்டபோது ரயில் நின்றிருந்தது. மேடையில் ஆட்கள் நனைந்த குடைகளை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, பேர்லின் வந்துருச்சு. நல்லாத் தூங்கிட்டீங்க."

"ஓம்," என்றாள் புஷ்பமலர். சேலைத் தலைப்பைத் தேடுவதுபோலக் கழுத்துச் சால்வையைத் தேடி எடுத்துச் சுற்றிக்கொண்டு, இறங்கி நடந்தாள்.